கைநாட்டுக் காட்சிக்கு என் கருத்து

எனக்கு எழுபத்தாறு வயது. ஐந்து பிள்ளைகளை ஆளாக்கினேன். என் பெயரை மட்டும் எழுதத் தெரியும்.

பேத்தி செல்வி, பழைய டிவி நகைச்சுவைத் தொடர் ஒன்றைப் போனில் போட்டுக் காட்டினாள். இந்தப் பகுதியில் ஒரு கிழவி பத்திர ஆபீசில் கைநாட்டு வைத்துவிட்டு, மையை முகமெல்லாம் பூசிக்கொள்கிறாள். பார்த்தவர்கள் கீழே எழுதியிருப்பதையும் வாசித்தாள். வயிறு வலிக்கச் சிரித்தார்களாம்.

அந்த மை வாசனை எனக்குத் தெரியும். எட்டு வயதில் அம்மாவோடு பத்திர ஆபீசுக்குப் போனேன். தன் பங்கு நிலத்தைக் கூடப்பிறந்த தம்பிக்கு விட்டுக்கொடுத்துக் கைநாட்டு வைத்தாள். விரலைத் துடைக்கத் துணி கேட்டாள்.

"எண்ணெ வெச்ச தலைதானே, அதுல தேய்ச்சிக்கோம்மா" என்றார் குமாஸ்தா.

பூ வைத்திருந்த தலையில் தேய்த்துக்கொண்டாள். ஆபீசே சிரித்தது. நானும் சிரித்தேன்.

எங்கள் ஊர் அடி அண்ணாமலை வரைக்கும் நடந்தே வந்தோம். வீட்டுக்கு வந்ததும் கேட்டாள்: "அவங்க சிரிச்சா சிரிச்சிட்டுப் போறாங்க. நீ எதுக்குடி சிரிச்ச?"

இந்தத் தொடரைப் பார்த்துச் சிரித்தவர்களோடு சண்டை போட எனக்குத் தெம்பில்லை. எனக்குச் சிரிப்பு வரவில்லை, அவ்வளவுதான். இதையும் எழுதி, அவர்கள் எழுதியதற்குக் கீழே போடச் செல்வியிடம் சொன்னேன்.

"நீ சிரிச்சதை மட்டும் எடுத்துடலாம் ஆயா. உன்னைத் திட்டுவாங்க" என்கிறாள் செல்வி.

"திட்டட்டும். நீ எழுதினதை மொதல்லேர்ந்து படி. அது இருக்குதான்னு நான் கேக்கணும்."