உரத்தொட்டியில் பிளீச்சிங் பவுடர்

எழுதுவதற்கு உனக்கு என்ன தகுதி என்று யாராவது கேட்டால் என்னிடம் பதில் இல்லை. பத்தாம் வகுப்போடு படிப்பை நிறுத்தியவள். நாலு பேர் கூடிய இடத்தில் குடிக்கத் தண்ணீர் கேட்கக்கூட எனக்கு வாய் எழாது. தமிழ்நாட்டிலிருந்து கொச்சி மட்டாஞ்சேரிக்கு வந்து இருபது வருடத்துக்கு மேல் ஆகிறது. எங்கள் தெருவில் பாதிப் பேர் என் குரலைக் கேட்டதில்லை. அப்படிப்பட்டவள் உங்கள் நேரத்தை எடுத்துக்கொள்வதைப் பொறுத்துக்கொள்ள வேண்டும். கோபம் வந்தால் சிலர் கத்துவார்கள், சிலர் பாத்திரத்தைப் போட்டு உடைப்பார்கள். எனக்கு இரண்டும் வராது. அதனால் மகள் பாதி எழுதி விட்ட ஒரு நோட்டில் மீதிப் பக்கங்களை எடுத்துக்கொண்டேன்.

சுள்ளிக்கல் பக்கம் ஒரு கால்பந்து மைதானம் இருக்கிறது. மாதச் சம்பளத்துக்கு ஆடுகிறவர்களை வைத்து நடக்கும் ஒரு கிளப்பினுடையது. டிவியில் தினமும் காட்டுகிற பெரிய அணி அல்ல. ஆனாலும் ஆட்டம் உள்ள ஞாயிற்றுக்கிழமை கேலரி நிறைந்துவிடும். மறுநாள் காலையில் அந்தக் கேலரியைப் பெருக்கி, குப்பையைப் பிரித்துப் போடும் பெண்களில் நான் ஒருத்தி.

போன வருடம் கிளப்புக்குப் பசுமை மேல் ஆசை வந்தது. வாசலில் இலைப் படம் போட்ட பலகை வைத்தார்கள். காகித டம்ளர் போய் ஸ்டீல் டம்ளர் வந்தது; கழுவுவது நாங்கள். ஆட்டக்காரர்கள் வரிசையாக நின்று மரக்கன்று நட்டார்கள். படம் எடுத்து முடிந்ததும் அவற்றுக்குத் தண்ணீர் ஊற்றுவதும் எங்கள் வேலையில் சேர்ந்தது. பழைய பாட்டிலை உருக்கி நெய்த துணியில் புது ஜெர்சி வந்தது. ஒவ்வொரு ஜெர்சியும் தனித்தனிப் பிளாஸ்டிக் உறைக்குள் வந்தது. உறைகளைப் பொறுக்கியது நான்தான்.

இப்படிச் சொல்வதால் எல்லாவற்றையும் கேலி செய்கிறேன் என்று நினைக்க வேண்டாம். உரத்தொட்டியை நான் நம்பினேன்.

மைதானத்தின் பின்சுவரை ஒட்டி நான்கு செங்கல் தொட்டிகள் கட்டினார்கள், காற்றுப் போக இடைவெளி விட்டு. என்னை ஒரு நாள் வகுப்புக்கு அனுப்பினார்கள். போக எனக்கு விருப்பமில்லை, கூச்சம். ஆனால் அங்கே கேட்டது ஒன்றுகூட மறக்கவில்லை. கீழே காய்ந்த இலை, அதன்மேல் சாணிக் கரைசல், அதன்மேல் கேலரியில் மிச்சமான கப்பைக்கிழங்கு, மீன் முள், சோறு, டீத்தூள், பழத்தோல். மறுபடியும் இலை, தேங்காய் நார்த்தூள். ஈரம் கூடினால் நாறும். இன்னும் இலை போட வேண்டும். ஒரு இரும்புக் கம்பியை நடுவில் செருகி வைத்து, வெளியே இழுத்துத் தொட்டுப் பார்க்க வேண்டும். கை பொறுக்காத சூடு இருந்தால் உள்ளே வேலை நடக்கிறது என்று அர்த்தம். முதல் முறை அந்தக் கம்பி என் விரலைச் சுட்டபோது நான் தனியாக நின்று சிரித்தேன். பிறகு கறுப்பு ஈயின் புழுக்கள் வந்தன. பார்க்க அருவருப்பாகத்தான் இருக்கும். ஆனால் மீன் முள்ளையும் கறியையும் அவைதான் தின்று தீர்க்கும். அவை வந்தால் தொட்டி நன்றாக இருக்கிறது என்று வகுப்பில் சொல்லியிருந்தார்கள்.

மைதானத்துப் புல்லைப் பார்த்துக்கொள்ளும் மலையாளச் சேட்டன் ஒருவர் உண்டு. அவர் ஒருவரிடம் மட்டும் எனக்குப் பேச்சு வரும். பேசும்போது அவர் ஆளைப் பார்ப்பதில்லை, புல்லைத்தான் பார்ப்பார், அதனால் இருக்கலாம். இரண்டு கோல் போஸ்டுகளுக்கு முன்னாலும் புல் செத்துச் சொட்டையாகக் கிடந்தது. மருந்து வாங்கிப் போட்டும் பிடிக்கவில்லை. என்னுடைய உரம்தான் வேண்டும் என்று அவர் ஒற்றைக்காலில் நின்றார்.

"அக்கா, நம்ம பிரியாணி என்னாச்சு?" சினிமா பார்த்துக் கற்றுக்கொண்ட தமிழில் தினமும் கேட்பார்.

"தம்முல இருக்கு. மூடியத் தொறந்தீங்கன்னா கை இருக்காது சேட்டா."

"எனக்குக் கை வேண்டா. கோல் கீப்பருக்குப் புல்லு வேணும். விழுந்து விழுந்து பாவம் அவன் முட்டி முழுக்க மண்ணாக்கும்."

மூன்று மாதம் போனது. மழைக்கு முன் அந்த நான்கு தொட்டியும் உரமாகி கோல் போஸ்டுக்கு முன்னால் போய்ச் சேர வேண்டும். எனக்கு வேண்டியிருந்தது அவ்வளவுதான். வீட்டில் இதைச் சொன்னால் சிரிப்பார்கள் என்று சொல்லவில்லை.

அப்போதுதான் கிளப் ஆடுகிற லீக்கிலிருந்து ஆட்கள் பார்க்க வருகிறார்கள் என்று செய்தி வந்தது. பார்த்துத் திருப்தியானால் கிளப்புக்குப் பசுமைச் சான்று கொடுப்பார்களாம். இந்த வேலைகளுக்கெல்லாம் பொறுப்பாக ஓர் இளைஞர் இருந்தார். நாங்கள் அவரைப் பச்சை சார் என்போம். கெட்டவர் என்று சொல்ல மாட்டேன். எங்களுக்குக் கையுறை வேண்டும் என்று அலுவலகத்தில் சண்டை போட்டு வாங்கித் தந்தவர் அவர்தான். ஆனால் தொட்டி கட்டிய நாளுக்குப் பிறகு அவர் அந்தப் பக்கம் வந்ததே இல்லை. ஆட்கள் வருவதற்கு முதல் நாள் மத்தியானம் வந்தார். முதல் தொட்டியின் மூடியைத் தூக்கினார். இரண்டடி பின்னால் குதித்தார்.

"எந்தா சேச்சி இது? முழுக்கப் புழுவல்லோ!"

"சார், அது வந்து... அதுதான் சார்..." எனக்கு அதற்குமேல் வரவில்லை. வகுப்பில் கேட்டது முழுவதும் நெஞ்சுக்குள் வரிசையாக நின்றது. வாய்க்கு வரவில்லை.

"நாளைக்கு ஆளுங்க வருது. இதக் கண்டா நம்ம காரியம் தீர்ந்நு." அவர் ஓடிப்போய்க் காவலாளியின் அறையிலிருந்து ஒரு பெரிய பாக்கெட்டைத் தூக்கிவந்தார். பிளீச்சிங் பவுடர்.

இங்கே ஒன்று சொல்ல வேண்டும். எங்கள் பக்கம் மந்திரி வந்தாலும் கலெக்டர் வந்தாலும் முதலில் வருவது பிளீச்சிங் பவுடர்தான். வாய்க்காலைத் தோண்ட மாட்டார்கள். அதன் இரு கரையிலும் ஆட்டக் களத்துக்குக் கோடு போட்டதுபோல் வெள்ளையாகத் தூவுவார்கள். அந்த வாசனை வந்தால் சுத்தம் ஆகிவிட்டது என்று எல்லாரும் நம்பிவிடுவோம். நானும் மழைக்காலத்தில் வீட்டு வாசலில் போடுகிறவள்தான். பச்சை சாரும் எங்களைப் போன்ற தெருவில் வளர்ந்தவர். பட்டப்படிப்பு படித்து, பசுமைக்கென்று சம்பளம் வாங்கினாலும், ஆள் வருகிறது என்றதும் அவர் கை பவுடரைத்தான் தேடியது.

"நல்லா போடுங்க சேச்சி. நாலிலும் போடுங்க. அப்புறம் மேலே கொஞ்சம் இலை போட்டா மதி, போதும்."

"சார், இது போட்டா..."

"போடுங்க. நேரமில்ல."

நான் போட்டேன். வேறு யாரும் போடவில்லை, நான்தான் என் கையால் போட்டேன். அவர் வாங்கித் தந்த கையுறையை மாட்டிக்கொண்டு நான்கு தொட்டியிலும் போட்டுக் கிளறினேன். புழுக்கள் சுருண்டன. கொஞ்ச நேரம் துடித்தன, பிறகு அசையவில்லை. சூடான ஈரத்தில் பவுடர் பட்டதும் எழுந்த நெடியில் எனக்குக் கண்ணில் தண்ணீர் வந்தது. நெடியால் வந்தது என்றே வைத்துக்கொள்ளுங்கள். அவருக்கு எது செத்தது என்று தெரியாது. எனக்குத் தெரியும். தெரிந்த நான் போட்டேன். அவர்மேல் இருக்கிற கோபத்தைவிட இந்தக் கோபம்தான் இன்னும் ஆறவில்லை.

மறுநாள் காலை வேலைக்கு வந்த சேட்டனுக்கு வாசலிலேயே நெடி தெரிந்துவிட்டது. மூடியைத் திறந்து பார்த்தார். கம்பியை இழுத்துத் தொட்டார். சூடு இல்லை. என்னை நிமிர்ந்து பார்த்தார். அவர் என் முகத்தைப் பார்த்தது அதுதான் முதல் தடவை.

"யாரு அக்கா?"

"நான்தான். சார் போடச் சொன்னாரு."

அவர் ஒரு கெட்ட வார்த்தை சொன்னார். எனக்கா சாருக்கா என்று தெரியவில்லை. "இனி இத என் புல்லுல போட முடியாது. போட்டா உள்ளதும் போகும்," என்று சொல்லிவிட்டுத் தண்ணீர்க் குழாயை இழுத்துக்கொண்டு போனார்.

வைட்டிலா ஜங்ஷன் நெரிசலில் மாட்டிக்கொண்டோம் என்று சொல்லிக்கொண்டு பதினோரு மணிக்கு மேல்தான் வந்தார்கள். ஒரு பெண்ணும், படம் எடுக்க ஓர் ஆளும். அந்தப் பெண் கோயம்புத்தூர்க்காரர். நான் தமிழ் என்று தெரிந்ததும் முகம் மலர்ந்து, "நீங்க நம்மூரா அக்கா? நல்லா இருக்கீங்களா?" என்று கேட்டார். டம்ளர் கழுவும் இடம், மரக்கன்று, ஜெர்சி எல்லாம் பார்த்துவிட்டுத் தொட்டிக்கு வந்தார்கள். பச்சை சார் மூடியைத் தூக்கி, இலையை ஒதுக்கி, "மணமே இல்லாத உரம், மேடம்," என்றார்.

அந்தப் பெண் குனிந்தார். மூக்கைச் சுளித்தார். ஒரு குச்சியால் கிளறினார். வெள்ளை வெள்ளையாக வந்தது.

"இது பிளீச்சிங் பவுடர்தானே? உரத்துல யாருங்க போட்டது?"

பச்சை சார் கை நீட்டி என்னைக் காட்டினார். "இவங்கதான் மேடம். பாவம், படிப்பில்லாதவங்க. சுத்தம் செய்யறேன்னு அறியாம போட்டுட்டாங்க."

நான் அதிகம் படித்தவள் இல்லை. ஆனால் அறியாமல் போடவில்லை.

அந்தப் பெண் என் பக்கம் திரும்பினார். திட்டினால்கூடத் தாங்கியிருப்பேன். அவர் என் தோளில் கை வைத்து, குழந்தைக்குச் சொல்வதுபோல் சொன்னார்: "அக்கா, உரத்துக்குள்ள கண்ணுக்குத் தெரியாத உயிருங்க நிறைய இருக்குங்க. புழு இருக்கும், பயப்படக் கூடாது. அதெல்லாம் நல்லதுங்க. பவுடர் போட்டா செத்துப் போயிடும். சரிங்களா? கம்பி வெச்சுச் சூடு பார்க்கணும்..."

மூன்று மாதம் என் விரலைச் சுட்ட கம்பியை எனக்குக் காட்டி, அது எதற்கு என்று எனக்கு விளக்கினார். ஐந்தாறு பேர் சுற்றி நின்றார்கள். சேட்டன் கோல் போஸ்ட் பக்கம் குனிந்து நின்று புல்லைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"எனக்குத் தெரியும்," என்றேன்.

"என்னங்க?"

"புழு நல்லதுன்னு தெரியும். செத்துரும்னும் தெரியும். சார் போடச் சொன்னாரு. நான் போட்டேன்."

என் குரல் எனக்கே வேறு யாருடையதோபோல் கேட்டது. ஆனால் எல்லாருக்கும் கேட்கும்படிதான் சொன்னேன். அது நிச்சயம்.

பிறகு பச்சை சார் சிரித்தார். "அய்யோ சேச்சி, சுத்தமா வைக்கணும்னு பறஞ்சேன். பவுடர் போடச் சொன்னேனா?" அந்தப் பெண் அவரைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். தயங்கியதை நான் பார்த்தேன். நான் சொன்னது உண்மை என்று அவருக்குப் பட்டிருக்கும் என்றே இன்றும் நினைக்கிறேன். ஆனால் அவர் கையில் இருந்த காகிதத்தில் அதற்கு ஒரு கட்டம் இருந்திருக்காது. "சரிங்க, ஒருத்தர் சொன்னது இன்னொருத்தருக்குச் சரியாப் புரியாம போயிருக்கு. நடக்கறதுதான்," என்று சொல்லிவிட்டு எதையோ எழுதினார். தொட்டிகளைப் படம் எடுத்தார்கள், மூடி போட்ட பிறகு.

அவர்கள் போனதும் சேட்டன் வந்தார்.

"அக்கா பறஞ்சது நல்லா இருந்தது."

"நீங்க ஏன் ஒண்ணும் சொல்லல? காலையில உங்ககிட்ட சொன்னேன் இல்ல?"

"ஞான் புல்லு பார்க்கற ஆளல்லோ. என்கிட்ட யாரு கேட்டா?"

"என்கிட்டயும் யாரும் கேக்கல," என்றேன். நான் மண்வெட்டியை எடுத்து முதல் தொட்டியைக் காலி செய்யத் தொடங்கினேன். அவரும் ஒன்றை எடுத்துக்கொண்டு வந்தார். அன்று முழுவதும் இரண்டு பேரும் நான்கையும் அள்ளி மூட்டை கட்டினோம். சாயங்காலம் மாநகராட்சிக் குப்பை லாரி அவற்றை மற்றக் குப்பையோடு ஏற்றிக்கொண்டு போனது. லாரி போன கொஞ்ச நேரத்தில், கிளப்புக்குச் சான்று உறுதியாகிவிட்டது, ஒரே ஒரு குறைதான் எழுதியிருக்கிறார்கள் என்று அலுவலகத்தில் சொன்னார்கள். துப்புரவு ஊழியர்களுக்கு விழிப்புணர்வு போதவில்லையாம்.

மறுநாள் காலை பத்து மணிக்கு எங்களுக்கு உரம் தயாரிப்பதைப் பற்றி ஒரு மணி நேர வகுப்பு நடந்தது. பச்சை சார்தான் எடுத்தார். நான் வருகைப் பதிவில் கையெழுத்துப் போட்டேன். முடிந்ததும் சாயாவும் பழம்பொரியும் கொடுத்தார்கள்.