சலூன் கேப்டன்

"அப்படியே இருங்க சார், அசையாதீங்க" என்று சொல்லிவிட்டு, என் தலையை அரைகுறையாக விட்டபடி சலூன்காரர் திரைச்சீலைக்குப் பின்னால் போய்விடுகிறார். போனவர் சட்டென்று திரும்பி வந்தால் சண்டையில் செத்துவிட்டார் என்று அர்த்தம். வர நேரமானால் ஜெயித்துக்கொண்டிருக்கிறார். என்னிடம் இருக்கிற முடிக்கு இரண்டு தவணை கொஞ்சம் அதிகம்தான். கோபித்துக்கொண்டு எழுந்து போகலாம். ஆனால் பாதித் தலையோடு எங்கே போவது?

திரைச்சீலைக்குப் பின்னால் ஒரு பழைய டிவி, யாரோ ஆடி அலுத்து விற்ற வீடியோ கேம் மெஷின், ஒரு முக்காலி. முக்காலியின் நுனியில் உட்கார்ந்து, காதில் ஹெட்ஃபோனோடு, சட்டைப் பையில் சீப்பு துருத்திக்கொண்டிருக்க, வாடிக்கையாளர்களின் முடி ஒட்டிய கையால் அவர் ஒரு படையை நடத்துகிறார். "இடது பக்கம் புகை போடு. நீ மாடிக்கு ஏறு. அவசரப்படாத கண்ணு, நான் இருக்கேன்ல." டிவியில் ஆள் தெரியாது. துப்பாக்கி பிடித்த இரண்டு கைகள் மட்டும் தெரியும். "அந்தக் கை என்னோடது சார்" என்று ஒருநாள் திரையைத் தொட்டுக் காட்டினார். உறை போட்ட, திடமான, இளைஞனின் கைகள். நாளெல்லாம் நின்றே வேலை பார்த்து நரம்பு புடைத்த கால்களை அப்போது அவர் முக்காலிக்கு அடியில் மடக்கி வைத்திருந்தார்.

அவரோடு சேர்ந்து ஆடுகிறவர்கள் எங்கெங்கோ இருக்கும் இளவட்டங்கள். அவர்களுக்கு அவர் கேப்டன். வயது, தொழில் ஒன்றும் தெரியாது. தெரிந்தால் மரியாதை குறைந்துவிடுமா என்று சீண்டினேன். "குறையாது சார். ஆனா அப்புறம் என்கிட்ட பேசும்போதெல்லாம் அவனவன் தலையைத் தடவிப் பாத்துக்குவான்."

இந்தப் பைத்தியம் அவருக்குப் பிடித்தது மகனால். ஒரே மகன், ராணுவத்தில் இருக்கிறான். எப்போதாவது போன் செய்வான். சாப்பிட்டேன், தூங்கினேன், நல்லா இருக்கேன் என்பான். அதோடு சரி. "எங்க இருக்கேன்னு சொல்ல மாட்டான், என்ன செய்யறேன்னு சொல்ல மாட்டான். வாய்க்கு என்ன பூட்டாடா போட்டிருக்கேன்னு கேட்டா சிரிப்பான். அந்தச் சிரிப்பும் முன்ன மாதிரி இல்ல சார்." அந்தச் சமயத்தில்தான் முடி வெட்ட வந்த ஒருவன் இந்தக் கேமைப் பற்றிப் பேசியிருக்கிறான். நிஜப் போர் மாதிரியே இருக்கும் என்று சொல்லியிருக்கிறான். அவன் என்னவோ பேச்சுவாக்கில் சொன்னதை இவர் கெட்டியாகப் பிடித்துக்கொண்டார்.

ஆரம்பத்தில் வானத்தைப் பார்த்துக்கொண்டே நடந்து சுவரில் முட்டியிருக்கிறார். சொந்தப் படைக்காரனையே சுட்டுவிட்டு, அன்றைக்கு யாருக்கும் ஷேவ் செய்யக் கை வரவில்லையாம். மதியம் சாப்பாடு கொண்டுவரும் அவர் மனைவி திரைச்சீலைக்கு அந்தப் பக்கம் எட்டிக்கூடப் பார்ப்பதில்லை. "விளையாடறதுக்கு உலகத்துல வேற எதுவுமே கிடைக்கலையா?" என்று கண்ணாடியைப் பார்த்துக் கேட்டுவிட்டு, பாத்திரத்தை வைத்துவிட்டுப் போய்விடுவார்.

"அவனுக்காகத்தான் ஆரம்பிச்சேன்" என்றார் ஒருநாள், என் பிடரியில் பவுடர் போட்டபடி. "இப்ப சொல்ல வெக்கமா இருக்கு சார். ருசி கண்டுட்டேன். அங்க செத்தா உடனே எழுந்துக்கலாம். ஒருத்தன் விழுந்தா ஓடிப்போய்த் தூக்கி விடலாம். எல்லாம் நம்ம கையில இருக்கு."

எனக்குச் சிரிப்பு வரவில்லை. இன்னும் கொஞ்சம் குறைங்க, இந்தப் பக்கம் சரியில்லை என்று அடுத்தவர் சொல்லச் சொல்லக் கேட்டே காலம் தள்ளிய மனிதர். அங்கே இவர் ஒரு வார்த்தை சொன்னால் நாலு பேர் ஓடுகிறார்கள். இந்தச் சுகம் யாருக்குத்தான் வேண்டாம்? ஆனால் அவர் காத்திருந்தது வேறொன்றுக்காக. "லீவுல வரட்டும் சார். ரெண்டு பேரும் ஒரே டீமா ஆடுவோம். அப்ப பேசுவான் பாருங்க. இப்ப எனக்கும் அவன் பாஷை தெரியும்ல."

போன வாரம் மகன் வந்துவிட்டான். வழக்கம்போல நான் பாதித் தலையோடு நாற்காலியில் இருந்தேன். மெலிந்து, வெயிலில் கறுத்து, சுவரை ஒட்டி நின்ற பையனை அவர் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போனார். திரைச்சீலையை மூடக்கூடத் தோன்றவில்லை. முக்காலியில் அவனை உட்காரவைத்து, கன்ட்ரோலரைக் கையில் திணித்து, தான் பக்கத்தில் நின்றுகொண்டார். முகமெல்லாம் பல்.

டிவியில் இடிந்த தெரு ஒன்று வந்தது. ஒரு வீட்டின் கதவு திறந்து கிடந்தது. "உள்ள போ, அடுப்படி வழியா பின்னால போயிடலாம்" என்றார். பையன் உள்ளே போனான். அடுப்பின் மேல் பாத்திரம் இருந்தது. வாசல் ஓரம் ஒரு ஜோடி சின்னச் செருப்பு. அவன் அங்கேயே நின்றுவிட்டான். ஜன்னல் பக்கமிருந்து யாரோ சுட, திரை சிவந்தது. "சுடுடா! என்னடா பாத்துக்கிட்டு நிக்கறே, சுடு!" என்று அப்பா குதித்தார்.

"இந்த வீட்டு ஆளுங்க எங்கப்பா?"

"ஆளா? யாரும் இருக்க மாட்டாங்கடா. கேம்ல வீடெல்லாம் காலிதான்."

பையன் கொஞ்ச நேரம் அந்தச் செருப்பையே பார்த்தான். "அப்ப நல்ல கேம்தான்ப்பா" என்றான். கன்ட்ரோலரைச் சத்தம் வராமல் தரையில் வைத்தான்.

அவருக்குப் புரியக் கொஞ்ச நேரம் பிடித்தது. புரிந்ததும் அந்த முகம் வாடியதைப் பார்க்கச் சகிக்கவில்லை. மகனிடம் பேசவென்று இத்தனை நாள் கற்றுக்கொண்ட பாஷை ஒரு நிமிடத்தில் உதவாமல் போய்விட்டது. ஹெட்ஃபோனிலிருந்து யாரோ "கேப்டன், கேப்டன்" என்று கூப்பிடுவது எனக்கே கேட்டது. அவர் டிவியை அணைத்தார்.

"முடி வளந்துபோச்சேடா" என்றார், வேறு என்ன சொல்வதென்று தெரியாமல். "வா, உட்காரு." நான் துணியும் கழுத்துமாக எழுந்து பெஞ்சுக்கு மாறினேன். எல்லோருக்கும் நிற்பதுபோலவே மகனுக்கும் பின்னால் நின்று கத்தரிக்கோலை எடுத்தார். பையன் கண்ணை மூடியிருந்தான். காதோரம் கத்தரி 'கிளிக்' என்றதுதான் தாமதம், அவன் கை மேலே பாய்ந்து அப்பாவின் மணிக்கட்டைப் பிடித்தது. பிடித்த இடம் வெளுத்துப்போனது.

"சாரிப்பா" என்று கையை விட்டான். "பின்னால யாராவது நின்னா எனக்கு..."

அவர் கத்தரிக்கோலைத் தாழ்த்தினார். நாற்காலியைச் சுற்றி முன்பக்கம் வந்தார். கண்ணாடிக்கும் மகனுடைய முழங்காலுக்கும் நடுவில் இருந்த கொஞ்ச இடத்தில் ஒடுங்கி நின்றார். "கண்ணைத் திறந்து வெச்சுக்கோ சாமி. நான் எங்க இருக்கேன்னு பாத்துக்கோ" என்றார். கத்தரிக்கோலை அவன் கண்ணுக்கு நேரே ஒருமுறை காட்டினார். அவன் தலையசைத்த பிறகுதான், மெல்ல, காதருகே கொண்டுபோனார்.