இந்தியாவுக்குள் மட்டும்

கள்ளக்குறிச்சி துருகம் ரோட்டில் ஒரு ஃபர்னிச்சர் கடைக்கு மேலே, இரண்டாவது மாடியில், மணிமொழி வேலை பார்த்தாள். அங்கே என்ன நடக்கிறது என்று கீழே கட்டிலும் பீரோவும் விற்பவர்களுக்குக்கூடத் தெரியாது. கண்ணாடிக் கதவில் பெயர்ப்பலகை கிடையாது. உள்ளே போகிறவர்கள் செல்போனை லாக்கரில் வைத்துப் பூட்டிவிட்டு, பேனாகூட இல்லாமல் போக வேண்டும்.

தியாகதுருகத்துக்குப் பக்கத்துக் கிராமத்தில் குத்தகை நிலத்தில் கரும்பும் மரவள்ளியும் போடும் நாராயணசாமியின் மகள் அவள். பி.சி.ஏ. படித்தவள். "எம் பொண்ணு அமெரிக்கா கம்பெனியில வேல பாக்குது" என்று அவர் டீக்கடையில் சொல்லிக்கொள்வார். உண்மையில் அந்த அமெரிக்கக் கம்பெனிக்கு மணிமொழி என்று ஒருத்தி இருப்பதே தெரியாது. அது இந்த வேலையை இன்னொரு நாட்டுக் கம்பெனிக்குக் கொடுத்தது. அது ஐதராபாத்துக்குக் கொடுத்தது, ஐதராபாத் சென்னையிலுள்ள ஒரு காண்டிராக்டருக்குக் கொடுத்தது. சம்பளச் சீட்டில் இருந்தது அந்தக் காண்டிராக்டரின் பெயர். பெரிய கம்பெனியின் பெயரை வெளியே சொல்ல மாட்டேன், பார்க்கிற வேலையைக் கட்டிய கணவனிடம்கூடச் சொல்ல மாட்டேன் என்று சேர்ந்த அன்றே கையெழுத்து வாங்கிவிட்டார்கள்.

வேலை இதுதான். ஜனங்கள் போனில் ஏற்றும் தமிழ் வீடியோக்களில், யாராவது புகார் சொன்னவையும் மிஷின் சந்தேகப்பட்டவையும் அவள் திரைக்கு வரும். பார்த்துவிட்டு, இருக்கலாமா, எடுத்துவிடலாமா, எச்சரிக்கைத் திரை போட்டு மறைக்கலாமா என்று ஒரு பட்டனை அழுத்த வேண்டும். வெட்டு, குத்து, தூக்கு, குழந்தைகளுக்குச் செய்யக்கூடாதது எல்லாம் வரும். எதை எடுக்கலாம் என்கிற விதிகள் கடல் கடந்து ஆங்கிலத்தில் வரும், அடிக்கடி மாறும். சாதியைச் சொல்லி இந்தப் பக்கத்தில் திட்டுகிற வார்த்தைகளில் பாதி அந்த விதிகளை எழுதியவர்களுக்குத் தெரியாது. தெரியாததால் அவை தப்பாகவும் ஆகவில்லை.

முதல் சில மாதம் சோற்றில் கை வைத்தாலே அவளுக்குக் குமட்டியது. பிறகு நின்றுவிட்டது. ஒருநாள் லாரி ஏறி நசுங்கிய ஒருவனின் வீடியோவைப் பார்த்துக்கொண்டே, சாயங்காலம் வெங்காயம் வாங்க வேண்டும் என்று யோசித்துக்கொண்டிருந்ததை அவளே கவனித்தாள். அன்று வெங்காயம் வாங்காமலே வீட்டுக்குப் போய்ப் படுத்துக்கொண்டாள்.

கள்ளச்சாராயம் அதே ஊரின் கருணாபுரத்தைச் சூறையாடிய ஆண்டு அது. அந்த ஜூன் மாதத்துக்குப் பிறகு மாதக்கணக்கில் அவளுடைய திரைக்கு வந்தது எல்லாம் அந்தத் தெருக்கள்தான். வாந்தி எடுப்பவர்கள், துடிப்பவர்கள், வரிசையாக வைத்த உடல்கள். செய்தி ஓய்ந்த பிறகும் வீடியோக்கள் ஓயவில்லை. யார் யாரோ அவற்றை வெட்டி, சோகப் பாட்டு ஏற்றி, லைக்குக்காக மறுபடி மறுபடி போட்டார்கள்.

மறு வருடம் ஒரு மத்தியானம், அப்படி ஒன்றைப் பார்த்துக்கொண்டிருந்தபோது, அவளுக்குப் பின்னால் தரை துடைக்கிற குச்சி டம்மென்று கீழே விழுந்தது. திரும்பினாள். துப்புரவு வேலைக்கு வரும் ரெஜினா நின்றிருந்தாள். நாற்பது வயதுக்காரி, யார் முகத்தையும் நிமிர்ந்து பார்க்காமல் வேலை செய்துவிட்டுப் போகிறவள். இப்போது அவள் திரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அதில் தெருமுனையில் ஒருவரை நான்கு பேர் தூக்கி ஆட்டோவில் ஏற்றுகிறார்கள். அவர் கைகள் காற்றைத் துழாவுகின்றன. ஆட்டோ கிளம்புவதற்குள் கைகள் தொங்கிவிடுகின்றன.

"அது எங்க வூட்டுக்காரரு" என்றாள் ரெஜினா.

மணிமொழி வீடியோவை நிறுத்தினாள்.

"ஊரே பாக்குது. நீங்களும் ஏசி ரூம்ல உக்காந்துக்கினு இதத்தான் பாக்குறீங்களா மேடம்?"

மணிமொழி எடுத்துவிடும் பட்டனை அழுத்தினாள். வேறு எதுவும் செய்யத் தோன்றவில்லை. அன்று சாயங்காலமே, ரெஜினா இனி மாடிப்படியை மட்டும் துடைத்தால் போதும் என்று உத்தரவு வந்தது.

சில நாள் கழித்து டீம் லீடர் ஜீவா மணிமொழியைக் கூப்பிட்டான். அவளைவிட இளையவன், கெட்டவன் இல்லை.

"அந்த ஆட்டோ வீடியோவ ஏன் எடுத்தீங்க? மேல இருந்து தப்புன்னு மார்க் பண்ணிட்டாங்க. அது பொதுச் சம்பவம், நியூஸ். திரும்பப் போட்டாச்சு."

"அந்தாளோட பொண்டாட்டி எம் பின்னாடி நின்னுக்கினு இருந்தாங்க ஜீவா. குடும்பம் கேட்டா எடுக்கணும்னு நம்ம ரூல்லயே இருக்குதுல்ல?"

"இருக்குது. அவங்க கேட்டது சிஸ்டத்துல இருக்குதா?"

"நேர்ல கேட்டாங்க."

"நேர்ல கேட்டதுக்கு பட்டன் இல்லீங்க" என்றான் ஜீவா. கிண்டலாகச் சொல்லவில்லை.

அந்த ஞாயிற்றுக்கிழமை மணிமொழி கருணாபுரத்துக்குப் போனாள். சர்ச்சில் பூசை முடிந்து வந்திருந்த ரெஜினா கதவைத் திறந்தாள், உள்ளே வா என்று சொல்லவில்லை. வாசலிலேயே நின்றபடி மணிமொழி, கையெழுத்துப் போட்டு மறைத்த அத்தனையையும் சொன்னாள். என்ன வேலை, என்ன பார்க்கிறாள், அன்று எடுத்தது எப்படித் திரும்பி வந்தது என்று எல்லாம். ரெஜினா வெகுநேரம் கேட்டுக்கொண்டிருந்துவிட்டு, "வெயில்ல நிக்காத, வா" என்றாள்.

ரெஜினாவின் கணவர் சிங்கராயர் மூட்டை தூக்கிக்கொண்டிருந்தவர். ஒரே மகள் ஆனந்தமேரி. பள்ளிக்கூடத்தில் கூடப் படிக்கிற பிள்ளைகள் அவளிடம் போனை நீட்டி, "இது உங்கப்பாதான?" என்று கேட்டிருக்கிறார்கள். பாட்டு ஏற்றிய வீடியோ. அதற்குப் பிறகு அவள் பள்ளிக்குப் போக மாட்டேன் என்று உட்கார்ந்துவிட்டாள். கல்வராயன் மலைமேல் கரியாலூரில் ஒரு விடுதியில் சேர்த்து அங்கேயே படிக்கப் போட்டிருக்கிறாள் ரெஜினா.

"ஏன் அவ்ளோ தூரம்?"

"அங்க டவரு சரியா கெடைக்காதும்மா. அதுக்கோசரம்தான்."

இரண்டு பேரும் ரெஜினாவின் போனிலேயே முதலில் புகார் கொடுக்கப் பார்த்தார்கள். காரணத்தைத் தேர்ந்தெடுக்கச் சொன்னது. ஆபாசம், மோசடி, வெறுப்புப் பேச்சு, போலிக் கணக்கு என்று வரிசையாக இருந்தன. இவர் என் புருஷன் என்று ஒன்று இல்லை. ஏதோ ஒன்றை அழுத்தியதும், எங்கள் விதிகளை இது மீறவில்லை என்று உடனே பதில் வந்தது. மனிதர் யாரும் பார்க்கவில்லை என்று மணிமொழிக்குத் தெரியும், அந்த வேகத்தில் பார்க்க முடியாது.

அரசாங்கச் சட்டப்படி ஒவ்வொரு பெரிய கம்பெனியும் இந்தியாவில் ஒரு குறைதீர் அதிகாரியை வைத்திருக்க வேண்டும். அவருக்கு எழுதினார்கள். கொஞ்ச நாள் கழித்து ஆங்கிலத்தில் மரியாதையாக அதே பதில் வந்தது. மிச்சம் இருந்தது தில்லியில் அரசு வைத்திருக்கும் மேல்முறையீட்டுக் குழு. அதற்கு வெறும் அழுகையை எழுதிப் பயன் இல்லை, கம்பெனி தன் விதியையே மீறுகிறது என்று காட்ட வேண்டும். அந்த விதி மணிமொழிக்கு மனப்பாடம். பொது மனிதரல்லாத ஒருவர் உயிர் பிரியும் தருணம், நெருங்கிய குடும்பத்தினர் கேட்டால், நீக்கப்பட வேண்டும். ஆனால் அது உள்ளே இருப்பவர்களுக்கு மட்டும் காட்டுகிற விதி. வெளியே எங்கேயும் அந்த வாசகம் கிடையாது. எழுதினால் உள்ளேயிருந்துதான் போனது என்று குழந்தைக்கும் தெரிந்துவிடும்.

அன்று ராத்திரி சமையல் முடிந்ததும் கணவன் வெங்கடேசனிடம் எல்லாவற்றையும் சொன்னாள். அவன் ஜவ்வரிசி ஆலையில் லோடு வண்டி ஓட்டுகிறவன்.

"எழுதுனா வேல போயிடும்" என்றாள்.

அவன் வேலையைப் பற்றிக் கேட்கவே இல்லை. "இத்தினி வருஷமா இதயா பாத்துக்கினு இருந்த? கம்ப்யூட்டர் வேலன்னுதானே சொன்ன?" என்றான். பிறகு சாப்பாட்டுத் தட்டைத் தள்ளி வைத்துவிட்டு வெளியே போய் நின்றான். திரும்பி வந்தவன், "எதுவா இருந்தாலும் எங்கிட்ட ஒரு வார்த்த சொல்லியிருக்கலாம்ல" என்றான். தன்னால் இந்த வீட்டில் இன்னொருவரும் அந்த வீடியோக்களைச் சுமக்கத் தொடங்கிவிட்டார் என்று அவளுக்கு அப்போது தோன்றியது.

மறுநாள் ரெஜினாவின் வீட்டில் உட்கார்ந்து, விதியை வார்த்தை பிசகாமல் எழுதி அனுப்பினாள்.

மனுவின் நகல் கம்பெனிக்குப் போனது, எழுதியவரைக் கண்டுபிடிக்க அவர்களுக்கு அதிக நாள் ஆகவில்லை. ஐதராபாத்திலிருந்து ஒரு பெண் வீடியோ காலில் வந்தார். சிரித்த முகம். உங்கள் உடல்நலம் எப்படி என்று முதலில் விசாரித்தார். பிறகு அந்த வாசகத்தைத் திரையில் காட்டி, இதை எழுதியது நீங்களா என்று கேட்டார்.

"ஆமாம்" என்றாள் மணிமொழி. "ஆனா அது உங்க ரூல்தான் மேடம். இருக்குதுன்னு அவங்களுக்குச் சொன்னேன், அவ்ளோதான்."

"நீங்கள் சொன்னது சரியா தப்பா என்பது கேள்வி இல்லை" என்றார் அந்தப் பெண் ஆங்கிலத்தில். "அதைச் சொல்ல உங்களுக்கு உரிமை இல்லை."

அடையாள அட்டையை வாங்கிக்கொண்டு ஜீவா மாடிப்படி வரைக்கும் வந்தான். "எங்கிட்டயும் கேட்டாங்க" என்றான் தலையைக் குனிந்தபடி. "எனக்குத் தெரியாதுன்னுட்டேன்." எழுதியது அவள்தான் என்று அவனுக்கு முதலிலிருந்தே தெரியும் என்பது அந்தக் குரலில் இருந்தது. மணிமொழி அவன் தோளைத் தொட்டுவிட்டு இறங்கினாள்.

மேல்முறையீட்டுக் குழு கம்பெனியிடம் விளக்கம் கேட்டது. உத்தரவு வரும் வரைக்கும் கம்பெனி காத்திருக்கவில்லை, வீடியோவையும் பாட்டு ஏற்றிய நகல்களையும் தானாகவே எடுத்துவிட்டதாகத் தெரிவித்தது. ரெஜினா தன் போனில் தேடினாள். சாம்பல் நிறக் கட்டம் மட்டும் வந்தது. அதைத் தடவிப் பார்த்தாள். மணிமொழியின் கையைப் பிடித்துத் தன் கண்ணில் ஒற்றிக்கொண்டாள்.

அந்த வாரமே குவைத்திலிருந்து சிங்கராயரின் தம்பி ஜோஸ்வா கூப்பிட்டான். "அண்ணி, இங்க இன்னும் ஓடுது. எங்க ரூம்ல ஒருத்தன் காட்டுறான்."

ரெஜினா போனை மணிமொழியிடம் கொடுத்தாள். மணிமொழி கேட்டுவிட்டு, கம்பெனி அனுப்பிய பதிலை மறுபடி படித்தாள். கடைசி வரியில் இருந்தது, இந்தியாவுக்குள் இந்தப் பதிவு இனிக் கிடைக்காது என்று. முதலில் படித்தபோது அது நல்ல செய்தியாகத்தான் தெரிந்தது.

"இன்னாம்மா அர்த்தம்?"

"நம்ம அரசாங்கம் கேட்டா நம்ம எல்லைக்குள்ளதான் மறைப்பாங்கக்கா. மத்த நாட்டுல அப்படியே இருக்கும். கம்பெனி எல்லா நாட்டுலயும் இருக்குது. நம்ம சட்டம் இங்க மட்டும்தான்."

ரெஜினாவுக்குக் கோபம் வந்தது. மணிமொழி மீது இல்லை. "பொறந்தது இங்க. செத்தது இங்க. பொதச்சது இங்க. மெட்ராஸ தாண்டி அவரு எங்கயும் போனதில்ல. குவைத்துக்காரனுக்கு இன்னாத்துக்கும்மா அவரு?"

குழுவுக்கு மறுபடி எழுதினார்கள். வெளிநாடுகளைப் பற்றி அந்தந்த நாட்டில் கேட்டுக்கொள்ளுங்கள் என்று பதில் வந்தது. அதற்கு மேல் கதவு இல்லை.

ஃபர்னிச்சர் கடை மாடியும் வெகுநாள் நிலைக்கவில்லை. மழைக்காலம் முடிவதற்குள் மூடிவிட்டார்கள். வேலை வேறு நாட்டுக்குப் போய்விட்டது என்றார்கள் சிலர். இல்லை, இவர்கள் அழுத்திய பட்டன்களை வைத்தே மிஷினுக்குச் சொல்லிக் கொடுத்துவிட்டார்கள், இனி ஆளே வேண்டாம் என்றார்கள் சிலர். யாரும் வந்து விளக்கவில்லை. மணிமொழி அதற்கு முன்பே பேருந்து நிலையத்துக்குப் பக்கத்தில் ஒரு இ-சேவை மையத்தில் சேர்ந்திருந்தாள். சாதிச் சான்று, பட்டா என்று வருகிறவர்களுக்கு நடுவே, போனில் வந்த ஏதோ ஒன்றைக் காட்டி, இதை எடுக்க முடியுமா என்று கேட்டுச் சிலர் வரத் தொடங்கினார்கள். முடிந்தவரை எழுதிக் கொடுத்தாள். எவ்வளவு முடியும் என்பதையும் முன்னாலேயே சொல்லிவிடுவாள்.

கிறிஸ்துமஸுக்கு முன்னால், மகளைப் பார்த்துவரப் புறப்பட்ட ரெஜினா அவளையும் கூட அழைத்தாள். பேருந்து கல்வராயன் மலை வளைவுகளில் ஏறி, பனி விலகாத கரியாலூரில் இறக்கிவிட்டது. விடுதிக்குப் பின்னால் மரவள்ளிக் கொல்லையின் ஓரமாக மூன்று பேரும் உட்கார்ந்தார்கள். அம்மாவின் கண்ணுக்கு ஆனந்தமேரி வளர்ந்திருந்தாள். அம்மா கொண்டுவந்த அதிரசத்தைப் பிய்த்துத் தின்றபடி அவர்கள் சொன்ன எல்லாவற்றையும் கேட்டாள்.

"இனிமே உன் ஸ்கூல்ல யாரும் பாக்க முடியாது" என்றாள் ரெஜினா. குவைத்தைப் பற்றிச் சொல்லவில்லை.

"பாத்தவங்க பாத்துட்டாங்கம்மா" என்றாள் அவள். பிறகு மணிமொழியின் பக்கம் திரும்பினாள். "அக்கா, நீங்க முழுசா பாத்தீங்களா?"

"பாத்தேன்."

"நான் பாதியிலயே கண்ண மூடிக்கினேன். ஒரே பாட்டுச் சத்தம் வேற. கடைசில அப்பா எதாச்சும் சொன்னாரா?"

மணிமொழி ரெஜினாவைப் பார்த்தாள். ரெஜினாவும் அவள் வாயையே பார்த்துக்கொண்டிருந்தாள். அவளுக்கும் அது தெரியாது. அன்று அவள் ஆட்டோ போன பிறகுதான் ஓடிவந்து சேர்ந்தாள்.

"சொன்னாரு. பாட்டு ஏத்தாத மொத வீடியோவும் எங்கிட்ட வந்துச்சு, அதுல கேட்டுச்சு. கண்ணு தெரியல, கண்ணு தெரியலன்னு சொன்னாரு. அப்புறம், 'மேரி ஸ்கூல்ல இருந்து வந்துட்டாளா'ன்னு கேட்டாரு."

அது பொய் இல்லை. ஆறுதலுக்காகக் கூட்டிச் சொன்ன ஒரு வார்த்தைகூட அதில் இல்லை. எத்தனையோ பேருடைய கடைசிச் சொற்களை ஒரு பட்டனை அழுத்திக் கடந்து வந்தவள், இந்த ஒன்றையாவது உரியவர்களிடம் சேர்த்தாள்.

"யாருனா பதில் சொன்னாங்களா அவருக்கு?" என்று கேட்டாள் ஆனந்தமேரி.

"தூக்குனவங்கள்ல ஒருத்தரு, 'வந்துடுவா, வந்துடுவா'ன்னு சொன்னாரு."

ரெஜினா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். பெண் அழவில்லை. அம்மாவின் முதுகைத் தடவிக் கொடுத்தபடி, பனிக்குள் மறைந்திருந்த கொல்லையையே பார்த்துக்கொண்டிருந்தாள். உள்ளே சாப்பாட்டு மணி அடித்தது. அவள் எழுந்திருக்கவில்லை. யாரும் அவளைப் போகச் சொல்லவும் இல்லை.