முழங்காலுக்கும் காற்று வேண்டும்

நான் விழுந்த அன்று மழை பெய்யவில்லை. ஏப்ரல் மாதத்துப் பூனாவில் மழை ஏது? கோந்த்வாவில் புதிது புதிதாக எழும்பும் அடுக்குமாடிகளுக்குத் தண்ணீர் கொண்டுபோகிற டேங்கர் லாரிகள் வழியெல்லாம் ஒழுகிக்கொண்டே போகும். வீட்டுக் குழாயில் காற்று வருகிற சீசனில் ரோடு மட்டும் தினமும் குளிக்கும். அந்த ஈரத்தில், ஒரு வளைவில், என் மோட்டார் சைக்கிள் சறுக்கியது. வேகமாகப் போயிருப்பேன் என்று நினைக்க வேண்டாம். பெட்ரோல் டேங்கின் மேல் இட்லி அரிசிப் பையை வைத்துக்கொண்டு எவன் வேகமாகப் போவான்? நடந்து போன ஒருவர் என்னை முந்திப் போனதாக ஞாபகம்.

விழுந்ததும் "அய்யோ அம்மா" என்றேன். பாதி ஆயுசு இந்த ஊரில் கழிந்த பிறகும் வலி தமிழில்தான் வருகிறது. ஓடி வந்த பையன்கள், "காகா, லாகலா கா?" என்றார்கள். சித்தப்பா, அடிபட்டுச்சா என்று அர்த்தம். அடியைவிட அந்தச் சித்தப்பாதான் அதிகம் வலித்தது. எழுந்து கணக்கெடுத்தேன். கைகள் இருந்தன. தலை ஹெல்மெட்டுக்குள் பத்திரமாக இருந்தது. இடது முழங்காலில் மட்டும் பேண்டும் இல்லை, தோலும் இல்லை. "எலும்பு தெரியுதா?" என்று பக்கத்தில் நின்ற அம்மாளிடம் ஹிந்தியில் கேட்டேன். அவர் குனிந்து உற்றுப் பார்த்துவிட்டு, இல்லை, அரிசி ஒட்டியிருக்கிறது என்றார்.

வீட்டில் மனைவி காயத்தைக் கழுவி மருந்து போட்டாள். நான் போட்ட கூச்சலில் எதிர் வீட்டு நாய் குரைத்தது. கிழிந்த பேண்டை இரண்டு விரலால் தூக்கிப் பார்த்து, "ஏங்க, இது என்ன பேண்டா, அப்பளமா?" என்றாள். அப்புறம் தீர்ப்பு வந்தது.

"இனிமே காலுக்குக் கவசம் போட்டுக்கிட்டுதான் வண்டி எடுக்கணும். ஆனா ஒண்ணு. தினம் வாசல்ல நின்னு, எல்.கே.ஜி. பிள்ளைக்கு நிஜார் மாட்டி விடற மாதிரி நான் மாட்டி விட மாட்டேன். நீங்களா போட்டுக்கணும். முடியலேன்னா வண்டிய வித்துட்டு என் தம்பி கார்ல போங்க."

என் மைத்துனனுக்கும் வேலை லோஹேகாவ் பக்கம்தான், எனக்கும் அங்கேதான். அவன் காரில் ஏசி உண்டு. ஆனால் எங்கள் வானவடியில் கதவைச் சாத்தினால் லோஹேகாவ் வரைக்கும் மியூச்சுவல் ஃபண்ட் பற்றிப் பேசுவான். "அத்தான், நீங்க மட்டும் அப்பவே போட்டிருந்தா..." என்றுதான் எல்லா வாக்கியமும் ஆரம்பிக்கும். விளையாட்டுக்குச் சொல்லவில்லை, வண்டியில் போகிற அந்த நேரம்தான் ஒரு நாளில் யாரும் என்னிடம் எதுவும் கேட்காத நேரம். வீட்டில் கேட்பார்கள், ஆபீசில் கேட்பார்கள். ஹெல்மெட்டுக்குள் மட்டும் நான் உண்டு, என் புலம்பல் உண்டு. அதைப் பிடுங்கப் போகிறாள் என்றதும் முழங்கால் எரிச்சலே மறந்துவிட்டது.

இதில் மேல்வீட்டுக்காரர் வேறு. பட்டாளத்தில் சுபேதாராக ரிட்டயர் ஆனவர், சொந்த ஊர் வேலூர்ப் பக்கம். நலம் விசாரிக்க வந்தார். என் முழங்காலை ஒரு தரம் பார்த்தார். பிறகு கீழே பார்க்கிங்குக்குப் போய் வண்டியைச் சுற்றிச் சுற்றிப் பார்த்துவிட்டு மேலே வந்தார்.

"வண்டிக்கு ஒண்ணும் ஆவலியே சார்?"

"எனக்குத்தான் ஆச்சு."

"அது சரியாப் பூடும். விக்கிறதா இருந்தா வெளிய சொல்லாதீங்க. எனக்குச் சொல்லுங்க."

"உங்ககிட்டதான்ணா முதல்ல சொல்வோம்," என்றாள் மனைவி, அவர் கையில் காபியைக் கொடுத்து.

அன்று உட்கார்ந்து வீடியோ பார்க்க ஆரம்பித்தேன். பார்த்திருக்கக் கூடாது. ஒருவர் தாரில் சாதாரணப் பேண்டை உரசிக் காட்டினார். கண் மூடித் திறப்பதற்குள் துணி காணாமல் போனது. இன்னொருவர் தோல் பேண்டுதான் உத்தமம் என்றார். அவருக்குப் பின்னால் பனிமலை தெரிந்தது. பூனா வெயிலில் தோல் பேண்ட் போட்டுக்கொண்டு சிக்னலில் நின்றால் என்னைக் குக்கரிலிருந்து இறக்குவதுபோல் இறக்க வேண்டியிருக்கும். உள்ளே கெட்டி நூல் வைத்துத் தைத்த ஜீன்ஸ் ஒன்று இருக்கிறதாம், அது கனம். வலைத்துணிப் பேண்ட் காற்று வாங்குமாம், ஆனால் விழுந்தால் சீக்கிரம் தேயுமாம். ஆக, வெந்து சாவதா, தேய்ந்து சாவதா என்பதுதான் கேள்வி. இதற்கு நடுவில் கமெண்ட் பகுதியில் ஒருவர், மோட்டார் சைக்கிளே ஓட்டாதீர்கள் என்று எழுதியிருந்தார். மனைவிதான் வேறு பெயரில் எழுதியிருப்பாளோ என்று கொஞ்ச நேரம் சந்தேகப்பட்டேன்.

எந்த முடிவுக்கும் வர முடியாமல், முழங்காலில் கட்டிக்கொள்கிற கார்டு ஒன்றை ஆன்லைனில் வாங்கினேன். பிளாஸ்டிக் ஓடு, பின்னால் எலாஸ்டிக் பட்டை. பேண்டுக்கு மேலேயே கட்டிக்கொள்ளலாம். புத்திசாலித்தனமான தேர்வு என்று என்னை நானே மெச்சிக்கொண்டு கிளம்பினேன். முதல் சிக்னலில் பக்கத்து ஸ்கூட்டர்க்காரன் என் காலைப் பார்த்து, "காகா, மேட்ச் குட்டே ஆஹே?" என்றான். எங்கே மேட்ச் என்கிறான். இரண்டாவது சிக்னலில் இடது கார்டு கெண்டைக்காலுக்கு இறங்கியது. ஆபீஸ் வாசலில் நான் இறங்கியபோது இரண்டும் கணுக்காலில் கொலுசு மாதிரி கிடந்தன. வாட்ச்மேன் சல்யூட் அடிக்கத் தூக்கிய கையைப் பாதியில் நிறுத்திவிட்டார்.

என் பெண்ணுக்கு விஷயம் தெரிந்து, "ப்பா, வீடியோ பாத்தா ஃபிட்டிங் தெரியாது. சலோ, கடைக்குப் போலாம்," என்றாள். பிறந்து வளர்ந்தது எல்லாம் இங்கேதான். அவள் தமிழ், ஹிந்தியில் கிளம்பி மராத்தியில் வளைந்து எப்படியோ வீடு வந்து சேரும்.

கடையில் என் வயசில் ஒரு ஆள்கூட இல்லை. லடாக்குக்குப் போகிறீர்களா என்று சேல்ஸ்மேன் கேட்டான். லோஹேகாவுக்கு என்றேன். அவன் முகத்தில் இருந்த மரியாதை சற்று இறங்கியது. ஒன்றன் பின் ஒன்றாக எடுத்துப் போட்டான். ஒன்று இடுப்பில் ஏறவில்லை. இடுப்பில் ஏறியது காலுக்கு ஒரு முழம் நீளம். இந்தக் கம்பெனிக்காரர்கள் எல்லாம் நெட்டையான, தொப்பை இல்லாத, வியர்க்காத ஒரு ஆண் ஜாதிக்குத்தான் தைக்கிறார்கள். அந்த ஜாதியை நான் ஆபீஸ் போகிற ரோட்டில் பார்த்ததே இல்லை.

கடைசியில் சாம்பல் நிற வலைத்துணிப் பேண்ட் ஒன்று ஏறியது. கண்ணாடி முன் நின்றேன். முழங்கால் கவசம் கச்சிதமாக முட்டியின் மேல் உட்கார்ந்திருந்தது. ஒரு காலை முன்னால் வைத்து, இடுப்பில் கை வைத்துப் பார்த்தேன். திருப்தி.

"ப்பா, உட்காரு," என்றாள் பெண், ஒரு ஸ்டூலை நகர்த்தி.

"எதுக்கு? நல்லாத்தானே இருக்கு?"

"நீ நின்னுக்கிட்டா வண்டி ஓட்டுவே?"

உட்கார்ந்தேன். பேண்ட் மேலே இழுத்துக்கொள்ள, கவசமும் முட்டியை விட்டு மேலே ஏறிப் போனது.

"இப்ப உன் தொடை பில்குல் சேஃப்," என்றாள். "முட்டிதான் பாவம்."

நிற்கும்போது கவசம் முட்டிக்குச் சற்றுக் கீழே இருந்தால்தான் உட்காரும்போது சரியான இடத்துக்கு வரும். அன்று அந்த ஸ்டூலில் எத்தனை தரம் உட்கார்ந்து எழுந்தேனோ, பள்ளிக்கூடத்தில் தோப்புக்கரணம் போட்டதற்கு அப்புறம் அதுதான் பெரிய உடற்பயிற்சி. ஒருவழியாக அதே சாம்பல் நிறத்தில் வேறு ஒன்று அமைந்தது. வீட்டில் மனைவி அதன் ஓரத்தில் மஞ்சள் தடவிக் கொடுத்தாள். ஒன்றும் சொல்லவில்லை. வண்டி விற்பதற்கில்லை என்று சுபேதாரிடமும் சொல்லவில்லை. அதைத்தான் நான் கவனித்தேன்.

வண்டி ஓடும்போது அந்தப் பேண்ட் சொர்க்கம். தொடை வரைக்கும் காற்று. ஆனால் பூனாவில் வண்டி எங்கே ஓடுகிறது? சிக்னலுக்குச் சிக்னல் நின்றுகொண்டே போகிறோம். நிற்கும்போது காற்றுக்குப் பதில் கீழேயிருந்து எஞ்சின் சூடு வரும். வலைத்துணி அதையும் வஞ்சனை இல்லாமல் உள்ளே விடும். முதல் இரண்டு நாள் ஆபீஸ் பேண்டுக்கு மேலேயே அதை மாட்டினேன். ஆபீசில் கழற்றியபோது உள்பேண்ட், வேர்வையில் ஊறித் துவைக்கப் போட்ட துணியாகியிருந்தது. அப்புறம் உள்ளே அரை டிராயர் மட்டும் போட்டுக்கொண்டு, ஆபீஸ் பேண்டைப் பையில் மடித்து வைத்து, அங்கே போய் பாத்ரூமில் மாற்ற ஆரம்பித்தேன். ஒற்றைக் காலில் நின்று, மற்றக் காலை ஈரத் தரையில் படாமல் நுழைப்பது ஒரு வித்தை. வெளியே கதவைத் தட்டிக்கொண்டே இருப்பார்கள். இத்தனைக்கும் திட்டிக்கொண்டேதான் போட்டேன். ஆனால் தினமும் போட்டேன்.

இரண்டாம் வாரக் கடைசியில் பேண்டுக்கு ஒரு வாசனை வந்தது. வாசனை என்பது மரியாதைக்காகச் சொல்வது. வெள்ளிக்கிழமை மாலை கவசங்களை உருவி வைத்துவிட்டு, என் கையாலேயே அலசிப் பால்கனியில் காயப்போட்டேன். மறுநாள் காலை வழக்கம்போல் காய்ந்த துணிகளை அள்ளி, மூட்டை கட்டி, கேட் பக்கத்தில் இருக்கிற இஸ்திரிக் கடையில் கொடுத்தேன். இங்கேதான் என் ஜாதகம் வேலை செய்தது. இஸ்திரி போடாத பேண்டை நான் வாழ்நாளில் போட்டதில்லை. பைஜாமாவுக்குக்கூட மடிப்பு வேண்டும் எனக்கு. கை தன் பாட்டுக்கு அதையும் மூட்டையில் சேர்த்துவிட்டது.

மத்தியானம் மூட்டையை வாங்கக் கீழே போனேன். இஸ்திரிக்காரர் என் முகத்தைப் பார்க்காமல் மேலே இருந்ததை எடுத்துக் காட்டினார். சாம்பல் பேண்டின் இடது முழங்காலில் இஸ்திரிப் பெட்டியின் வடிவம், மூக்கு உட்பட, அப்படியே பதிந்திருந்தது. ஓட்டைகள் எல்லாம் உருகி மூடி, பிளாஸ்டிக் தட்டு மாதிரி மின்னியது. வைத்ததும் ஒட்டிக்கொண்டதாம். அவர் பயந்து எடுத்துவிட்டாராம். ஆனால் வலது காலை விட மனசில்லாமல், மேலே துணி போட்டு, கத்தி மாதிரி மடிப்பு வைத்திருந்தார். மடிப்பு நன்றாகத்தான் இருந்தது.

மாடிப்படியில் மேலே வந்தால் சுபேதார் எதிரில் நிற்கிறார்.

"சார், வண்டிய சாயங்காலமா வந்து பாக்கட்டுமா?"

"யார் வரச் சொன்னது?"

"உங்க வீட்டம்மாதான் போன வாரம் சொன்னாங்க. சனிக்கிழமை வாங்க, அவரு எத்தினி நாள் போடுறாருன்னு பாத்துட்டு முடிவு பண்ணலாம்னு."

இரண்டு வாரம் வெந்ததெல்லாம் பரீட்சையா? அதுவும் ரிசல்ட் வருகிற அன்றா நான் பேண்டைக் கருக்கி வைக்க வேண்டும்? மனைவி குளித்துக்கொண்டிருந்தாள். அவள் வெளியே வருவதற்குள் புதுப் பேண்ட் ஒன்று வாங்கி வந்துவிட்டால் ஒருவருக்கும் தெரியாது. கவசங்களைத் திரும்பச் சொருகினேன். கருகின பேண்டையே மாட்டினேன். வேறு பேண்டில் போகலாம் என்று தோன்றவே இல்லை. படியிறங்கி வண்டியை உதைத்தேன்.

கடை வாசலில் ஷட்டர் இறங்கியிருந்தது. மணி இரண்டு. ஒன்றிலிருந்து நாலு வரை பூனாக் கடைக்காரர் சாப்பிட்டுத் தூங்குவார் என்பது இந்த ஊர் எல்.கே.ஜி. பிள்ளைக்குத் தெரியும். எனக்கும் தெரியும். தெரிந்துதான் என்ன? பக்கத்தில் ஒரு டீக்கடைகூட இல்லை. கடைப் படியில் ஒரு சாண் நிழல் இருந்தது. அதில் ஒடுங்கி உட்கார்ந்தேன். உருகின முழங்கால் வெயிலில் பளபளத்தது. அந்தக் காலுக்கு மட்டும் காற்று சுத்தமாக இல்லை.

போன் அடித்தது.

"எங்க இருக்கீங்க? உச்சி வெயில் அடிக்குது, சாப்பிடாம எங்க போனீங்க?"

"கடை வாசல்ல. மூடியிருக்கு. பேண்ட் வாங்கணும்."

"ஒண்ணு இருக்கே?"

சொன்னேன். இஸ்திரி, உருகினது, மடிப்பு, எல்லாவற்றையும். எதிர்முனையில் சத்தமே இல்லை. அழுகிறாளோ என்று பயந்தேன். மூக்கால் சிரிக்கிற சத்தம் கேட்டது.

"இப்ப என்ன போட்டுக்கிட்டுப் போயிருக்கீங்க?"

"அதேதான். கருகினதுதான்."

"உள்ள கவசம்?"

"இருக்கு."

போனைக் கையால் பொத்திக்கொண்டு அவள் யாரிடமோ ஏதோ சொல்வது மங்கலாகக் கேட்டது.

"சுபேதார் அண்ணன் வந்திருக்காரு," என்றாள். "சாயங்காலம்னு சொல்லிட்டு இப்பவே வந்து நிக்கிறாரு. வண்டி எங்கன்னு கேக்குறாரு."

நிழலை விட்டு எழுந்து நின்றேன். "நீ என்ன சொன்னே?"

"வண்டி அவரைக் கூட்டிக்கிட்டு பேண்ட் வாங்கப் போயிருக்கு, இனிமே அது விக்கிறதுக்கு இல்லேன்னு சொல்லிட்டேன். நாலு மணி வரைக்கும் அங்கயே வேகாதீங்க. வந்து சாப்பிட்டுட்டுப் போங்க. நானும் வர்றேன், உங்களுக்கு உட்கார்ந்து பாத்து வாங்கத் தெரியாது."