பங்கர் வெட்ட மறுத்த எங்கள் ஐயா

எங்கள் ஐயா கர்த்தருக்குள் நித்திரையடைந்து ஓராண்டு நிறையும் இவ்வேளையில், அவரை நேசித்த உங்கள் கைகளில் இந்நினைவு மலரை வைக்கிறோம்.

பருத்தித்துறையில் பிறந்த ஐயா, சிறு வயதிலேயே தந்தையை இழந்து, மிஷன் பாடசாலையின் தயவில் படித்து, சுன்னாகத்தில் தபாற்கந்தோர் லிகிதராக ஓய்வு பெற்றார். நேர்மையானவர். பிடிவாதமும் கொஞ்சநஞ்சமல்ல. மாலையில் குடும்ப ஜெபம் தொடங்கினால் வீட்டுக்கு வந்த விருந்தாளியும் முழந்தாளிடத்தான் வேண்டும். பழைய ஏற்பாட்டுச் சங்கீதங்கள் பெரும்பாலும் அவருக்கு மனப்பாடம்.

தொண்ணூறில் போர் மீண்டும் மூண்டபோது எங்கள் ஒழுங்கையில் எல்லா வீட்டாரும் பனங்குற்றி அடுக்கிப் பங்கர் என்கிற பதுங்குகுழி வெட்டினார்கள். ஐயா மறுத்துவிட்டார். கர்த்தரே அடைக்கலம் என்று தினமும் பாடிவிட்டுக் குழிக்குள் ஒளிந்துகொள்வது அவருக்குப் பொய்ச்சாட்சியாகப் பட்டது. குண்டு போடும் பொம்மர் விமானம் வந்தால் எல்லோரும் விறாந்தையில் முழந்தாளிட்டுச் சங்கீதம் சொல்லவேண்டும். அதுவே எங்கள் வீட்டுச் சட்டம்.

அம்மாவால் அது முடியவில்லை. விமானச் சத்தம் கேட்டதும் பக்கத்து வீட்டுத் தங்கம்மா மாமியின் பங்கருக்கு ஓடிவிடுவார். ஊர் என்ன சொல்லும் என்று ஐயாவுக்கு வெட்கம், கோபம்.

"இஞ்சார், உன்ரை விசுவாசம் உவ்வளவுதானோ?" என்று ஒருநாள் எங்கள் எல்லோர் முன்னிலையிலும் ஏசினார்.

"தாவீதும் பயந்துதானே குகைக்குள்ளை ஒளிச்சவர்? அவரின்ரை பாட்டை மட்டும் பாடுறியள்," என்றார் அம்மா.

ஆனால் அந்த ஏச்சுக்குப் பின் அம்மா ஓடவில்லை. பொம்மர் சுற்றும்போதெல்லாம் ஐயாவுக்குப் பக்கத்தில் முழந்தாளிட்டு, சேலைத் தலைப்பால் வாயைப் பொத்திக்கொண்டு நடுங்குவார். ஒரு காலை, அப்படி இருந்தபடியே நெஞ்சைப் பிடித்துக்கொண்டு சரிந்தார். எங்கள் வளவில் ஒரு குண்டும் விழவில்லை.

அம்மாவின் செத்தவீடு முடிந்தபின் ஐயா வேதத்தை முதலிலிருந்து வாசிக்கத் தொடங்கினார். எலியா தீர்க்கதரிசி அரசிக்குப் பயந்து வனாந்தரத்துக்கு ஓடி, செத்தால் போதும் என்று படுத்துவிடுகிற இடம் வந்தது. இதை எழுதும் என்னைக் கூப்பிட்டார்.

"பார் பிள்ளை. தேவதூதன் வந்து, விசுவாசம் எங்கையெண்டு கேக்கேல்லை. தின்ன அடையும் குடிக்கத் தண்ணியும் குடுத்தவன். பயந்தவனைக் கர்த்தர் ஏசேல்லை. நான்தான் ஏசினனான்."

அந்தக் கிழமையே மண்வெட்டியை எடுத்தார். ஒருவரையும் உதவிக்கு விடவில்லை. பங்கர் முடிந்ததும், பொம்மர் வந்தால் ஒழுங்கையால் போகிறவர்களையும் மறித்து, "வாங்கோ, பயப்பிடுறதிலை வெக்கமில்லை," என்று உள்ளே இருத்துவார். தான் வாசலில்தான் இருப்பார். எவ்வளவு கெஞ்சியும் உள்ளே வரமாட்டார். எங்களுக்கு அது பெரும் வேதனை.

நோயில் கிடந்த ஐயாவைப் பராமரித்த வைத்தியருக்கும், ஜெபித்த சபையாருக்கும், இறுதிக் கிரியைகளில் தோள்கொடுத்த அயலவர்க்கும் எங்கள் நன்றி. தங்கம்மா மாமிக்குத் தனியாக ஒரு நன்றி உண்டு. பங்கருக்குள் அம்மாவின் கையை விடாமல் பிடித்திருந்தவர் அவர். தன் பெயரால் அவருக்கு நன்றி சொல்லும்படி ஐயா கடைசி நாட்களில் கேட்டுக்கொண்டார். பக்கத்திலேயே முழந்தாளிட்டிருந்தும், தான் ஒருநாளும் அந்தக் கையைப் பிடிக்கவில்லை என்பதையும் எழுதச் சொன்னார். எழுதிவிட்டோம், ஐயா.