பிறக்குமுன் தைத்த போர்வை

எழுபதுகளின் தொடக்கத்தில் மயிலாப்பூரில் ஒற்றை அறையில் குடியிருந்தோம். இரண்டாவது முறை உண்டாகி ஐந்து மாதம் ஆனபோது, பிள்ளைக்குப் போர்வை தைக்க உட்கார்ந்தேன். தி. நகர் தையல் கடையில் வேலை பார்த்த என் வீட்டுக்காரர், ரவிக்கை வெட்டியதில் மிஞ்சிய துண்டுகளைக் கொண்டுவந்து கொடுப்பார். "நீ தைமே" என்பார். மஞ்சள் துண்டுக்குப் பக்கத்தில் எதைச் சேர்க்கலாம் என்று யோசிப்பதே சுகமாக இருக்கும். ஊசியை இழுக்கும்போதெல்லாம் முண்டகக்கண்ணி அம்மனைக் கூப்பிட்டுக்கொள்வேன்.

ஒருநாள் எங்களைப் பார்க்க வந்த மாமியார் அதைப் பார்த்துவிட்டார்.

"இன்னாடி தச்சிக்கினு கீற? புள்ள பொறக்கறதுக்கு முன்னாடி அதுக்கு ஒண்ணும் தைக்கக் கூடாதுன்னு தெரியாது? அம்மனுக்கே ஆவாது."

எனக்குச் சுர்ரென்று ஏறியது. அவர் பேச்சைக் கேட்டு முதல் பிள்ளைக்கு நான் ஒரு துணிகூடத் தைக்கவில்லை. அது பிறந்த அன்றே போய்விட்டது. பழைய வேட்டிக் கிழிசலில் சுற்றித்தான் புதைக்கக் கொடுத்தோம்.

"போன தபா ஒண்ணுமே தைக்கலியே அத்த, அது தங்கிச்சா? இது தங்கும்னு அம்மனை நம்பித்தான் தைக்கிறேன். இதுவும் போச்சுன்னா இந்தப் போர்வைல சுத்தித்தான் குடுப்பேன். இன்னொரு தபா கிழிசல்ல குடுக்க மாட்டேன்."

ஊசியில் நூல் தீர்ந்திருந்தது. அவர் கண் முன்னாலேயே கோத்தேன்.