கிளட்ச் கேபிளில் ஒரு இழை

ஒரு கச்சேரிக் குழுவில் நான் எலக்ட்ரிக் கிட்டார் வாசித்துக்கொண்டிருந்தேன். ராயப்பன்பட்டி சர்ச் திருவிழாவுக்குப் போன அன்று மத்தியானம், கிட்டாரின் மிக மெல்லிய கம்பி அறுந்துவிட்டது. புதிது வேண்டுமென்றால் மதுரைக்குத்தான் போகவேண்டும். "கம்பி இல்லைன்னா மேடையில ஒனக்கு எடமில்ல" என்றார் குழுத் தலைவர்.

முதலில் தூண்டில் நரம்பைக் கட்டினேன். காதருகே ஒலித்தது, ஸ்பீக்கரில் சத்தமே இல்லை. கிட்டாரில் இருக்கும் காந்தத்துக்கு இரும்பு வேண்டும் என்பது அப்போதுதான் புரிந்தது. பக்கத்துத் தோட்டத்தில் திராட்சைப் பந்தலுக்கு இழுத்துக் கட்டியதில் மிஞ்சிய கம்பியை மாட்டினேன். அது ஒலித்தது, ஆனால் முறுக்க முறுக்க நீண்டு சுருதி இறங்கிக்கொண்டே போனது.

கடைசியாக மோட்டார் சைக்கிள் மெக்கானிக்கிடம் பழைய கிளட்ச் கேபிள் கேட்டேன். "ஏலே, கியர் போட்டுத்தான் வாசிப்பியாக்கும்?" என்று சிரித்துக்கொண்டே கொடுத்தார். அதிலிருந்து பிரித்த ஒற்றை இழை சுருதியில் நின்றது. விரல் நுனிதான் கிழிந்தது.

மேடையில் சுருதி சேர்த்தபோதே தலைவர் முகம் சுளித்தார். "தகரத்துல ஆணியால கீறுற மாதிரி இருக்குலே. கழட்டு. ஃபாதர் முன்னாடி உக்காந்திருக்காக."

"கம்பி இருந்தா எடம்னு நீங்கதானண்ணே சொன்னீக."

அவர் ஆம்ப்ளிஃபயரில் என் சத்தத்தைக் குறைத்தார். முதல் பாட்டின் நடுவிலேயே குனிந்து அதை முழுதாகக் கூட்டினேன்.

மறுநாள் என்னைப் போகச் சொன்னார், போனேன். கம்பம் ஊரில் சேர்ந்த அடுத்த குழுவில், மெல்லிய கம்பிகள் மூன்றையுமே கிளட்ச் கேபிளிலிருந்து பிரித்து மாட்டிக்கொண்டேன்.